9.81 வராவிட்டால் என்ன செய்வது?

எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைத் துணியும் பரிசோதனை உயர்தர பௌதிகவியல் மாணவர்களுக்குப் பழக்கமானது. விடை 9.76 என்று வந்துவிட்டால் ஆய்வுகூடத்தில் ஒரு குசுகுசுப்பு எழும்: "புத்தகத்துல 9.81 எண்டுதானே இரிக்கி, நமக்கு வரல்லியே!" அடுத்த நிமிடம் வாசிப்புகள் அழிபடும்; பக்கத்துக் கொப்பியின் எண்கள் வந்து குந்திக்கொள்ளும். பரிசோதனை அத்தோடு முடிந்துபோகிறது.

அந்த 9.76 உண்மையில் பிழையா? கணக்குப் பார்ப்போம்.

ஒரு மீற்றர் ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 செக்கன் எடுக்கும். நிறுத்தற் கடிகாரத்தை அமுக்கும் நமது விரல் 0.2 செக்கன் முந்தலாம், பிந்தலாம். ஒரே அலைவை அளந்தால் வழு 10 சதவீதம். 20 அலைவுகளை அளந்தால் மொத்தக் காலம் 40 செக்கன். விரலின் வழுவோ அதே 0.2 தான். இப்போது வழு 0.5 சதவீதம். கருவி மாறவில்லை, அளக்கும் முறைதான் மாறியது.

சமன்பாட்டில் காலம் வர்க்கமாக வருவதால் விடையில் இந்த வழு இருமடங்காகி 1 சதவீதமாகும். ஆகவே கணிகருவி 9.76 என்று காட்டினாலும் நாம் எழுத வேண்டியது 9.8 ± 0.1. இதற்குள் 9.81 உம் அடங்கும். அப்படியிருக்க 9.81 என்று எழுதுவது, கருவி சொல்லாததைச் சொன்னதாகச் சாட்சி சொல்வதாகும்.

விரலின் வழு எழுமாற்று வழு. பலமுறை அளந்து சராசரி எடுத்தால் குறையும். முறைமை வழு அப்படியல்ல. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் நூலின் முனையோடு நிறுத்தினால், 1 சென்ரிமீற்றர் ஆரையுள்ள குண்டில் விடை எப்போதும் 1 சதவீதம் குறைவாகவே வரும். நூறு தடவை அளந்தாலும் அது போகாது. அளந்த முறையைத்தான் திருத்த வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 9.81 என்பது பாரிஸ், லண்டன் பக்கத்துப் பெறுமானம். மத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள கொழும்பில் அது ஏறத்தாழ 9.78. இந்த வித்தியாசம் வெளிப்பட்டதும் ஓர் ஊசலால்தான். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜோன் ரிஷே தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனார். நம் நாட்டைப் போலவே அதுவும் மத்திய கோட்டுக்குச் சற்று வடக்கே உள்ள இடம். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூடு அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலை ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் குறைக்க வேண்டியிருந்தது. மணிக்கூடு பழுது என்று சொல்லி அவர் அதை விட்டுவிடவில்லை. பல மாதங்கள் திரும்பத் திரும்ப அளந்து பதிந்தார். பூமி மத்திய கோட்டில் புடைத்திருக்கிறது என்ற தன் முடிபுக்கு 1687இல் நியூட்டன் அந்தப் பதிவையும் ஆதாரமாக எடுத்தார்.

ஆகவே மாணவர்களே, வாசிப்பை அழிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அதன்மேல் ஒரு கோடு போட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதி, மறுபடி அளவுங்கள். அலகையும் வழுவையும் சேர்த்தே விடையை எழுதுங்கள். புத்தகத்து எண்ணோடு ஒப்பிடுவது அதற்குப் பிறகுதான்.