விளக்குமாறு யார் கையில்?

தாமதமாக வந்த மாணவனை மைதானத்தில் கிடக்கும் காகிதங்களைப் பொறுக்கச் சொல்வது நம் பள்ளிகள் பலவற்றில் பழகிப்போன காட்சி. வீட்டுப்பாடம் எழுதாதவளுக்கு வகுப்பறையைப் பெருக்கும் வேலை. அதே பள்ளியில் அடுத்த வாரமே 'தூய்மைப் பணி' என்று அறிவித்து, பிள்ளைகள் ஆர்வமாக வரவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள். எப்படி வருவார்கள்? விளக்குமாறு தப்பு செய்தவன் கைக்குப் போகிற பொருள் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்?

சேவைக்கான அமைப்புகளுக்கு இங்கே குறைவில்லை. சாரணர் இயக்கம், ஜூனியர் ரெட் கிராஸ் (ஜே.ஆர்.சி.), தேசியப் பசுமைப் படை எல்லாம் இருக்கின்றன. காந்தி நூற்றாண்டான 1969-ல் கல்லூரிகளுக்காகத் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலைப் பள்ளிகளிலும் நடக்கிறது. அதன் 7 நாள் சிறப்பு முகாம் நல்ல அனுபவம்தான். ஆனால், இவற்றில் சேர்கிறவர்கள் சிலர். மற்றவர்களுக்குச் சேவை என்பது அடுத்தவர் சீருடை.

ஜப்பானில் தொடக்கப் பள்ளியிலேயே இது எல்லோருக்கும் உரிய அன்றாட வேலை. மதிய உணவு நேரத்தில், முறை வந்த பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து, உணவை வகுப்புக்குக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். பிறகு வகுப்பறை, நடைபாதை, மாடிப்படி என்று பிரித்துக்கொண்டு சுத்தம் செய்கிறார்கள். ஆசிரியரும் கூடவே நிற்கிறார். பணியாளர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு இல்லை இது. பராமரிப்பு ஊழியர்கள் அங்கேயும் உண்டு. இதைக் கல்வியின் ஒரு பகுதியாகவே பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். எகிப்து இந்த முறையைத் தன் பள்ளிகள் சிலவற்றுக்கு எடுத்துச் சென்றிருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி ஒன்று உண்டு. 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே, நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் இருந்தன. வேலைக்காரர்கள் கிடையாது. சமையல் முதல் துப்புரவு வரை எல்லாம் அங்கிருந்தவர்களே செய்தார்கள். குழி வெட்டுவதும் மரம் வெட்டுவதும் பிள்ளைகளுக்குப் போதுமான உடற்பயிற்சியாக இருந்தது என்கிறார் காந்தி. ஆசிரியர் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால், நம் பள்ளிகள் அந்தப் பண்ணையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முதலில் இந்த விதியைத்தான்.

ஏனென்றால், இங்கே சாதி இருக்கிறது. பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. அது சேவை அல்ல, கொடுமை; சட்டப்படி குற்றம். கழிப்பறையைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாம் கருத்து இல்லை: கையுறையும் கருவிகளும் நியாயமான சம்பளமும் கொடுத்துப் பெரியவர்களை அமர்த்திச் செய்ய வேண்டிய வேலை அது. பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பிள்ளைகள் செய்ய எவ்வளவோ இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க உதவலாம். நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். சத்துணவுக் கூடத்தில் ஆறிய பிறகு பொரியலையும் முட்டையையும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாறலாம். பட்டியலினப் பெண் சமைத்த சோற்றைத் தொடாதே என்று பிள்ளையைத் தடுக்கிற பெற்றோர் இன்னும் இருக்கிற ஊர்களில், எல்லாத் தெருப் பிள்ளைகளும் எல்லோருக்கும் பரிமாறுவது சாதாரண விஷயம் அல்ல.

இதற்குப் புதிய திட்டமோ நிதியோ தேவையில்லை. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒரு வாரப் பட்டியல் போதும். முதல் மதிப்பெண் எடுப்பவனுக்கு விலக்கு கிடையாது. தாமதமாக வருபவனுக்குக் கூடுதல் முறையும் கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். அதில் ஆசிரியர்கள் பெயரும் தலைமையாசிரியர் பெயரும் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கட்டும்.