படகு இழுவண்டி

படகு இழுவண்டி அல்லது படகு டிரெய்லர் என்பது படகைச் சாலை வழியே கொண்டு சென்று நீரில் இறக்கவும், மீண்டும் கரையேற்றவும் பயன்படும் எஞ்சின் இல்லாத வண்டி ஆகும். ஜீப், பிக்கப் போன்ற ஊர்திகள் இதை இழுத்துச் செல்கின்றன. கடற்கரை இல்லாத கொங்கு நாடு போன்ற பகுதிகளில், வெளியிலிருந்து அணைகளுக்கு வரும் மோட்டார் படகு சாலை வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

அமைப்பு

இரும்புச் சட்டம், சக்கரங்கள், படகின் அடிப்பகுதி அமரும் உருளைகள், படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச் ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவது போல இதிலும் எடையைப் பகிர வேண்டும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முன் இணைப்பின் மீது அழுந்துவது நல்லது. பின்பாரம் மிகுந்தால், வேகமாகச் செல்லும்போது இழுவண்டி இருபுறமும் அலையும்.

வெளிநாடுகளில், தங்கும் கூண்டு பொருத்திய பிக்கப் வண்டிகளும் படகை இழுக்கின்றன. அவற்றில் கூண்டின் எடையும் இணைப்பின் மீதான எடையும் பின் அச்சில் சேர்கின்றன. ஓட்டுநருக்குப் பின்புறமும் தெரியாது. எனவே, லாரிக்குக் கிளீனர் சைகை காட்டுவது போல ஒருவர் பக்கவாட்டில் நின்று வழிகாட்ட வேண்டும்.

நீரில் இறக்கும் முறை

1. சரிவுக்கு வருமுன் சமதளத்தில் நிறுத்தி, படகின் அடித்துளையை அடைப்பானால் மூட வேண்டும். இதை மறந்தால் படகுக்குள் நீர் புகும்.
2. பின்கட்டுகளை அவிழ்த்து, விளக்குகளின் மின் இணைப்பைக் கழற்ற வேண்டும். வின்ச் கட்டை அவிழ்க்கக் கூடாது.
3. மெதுவாகப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். டிராக்டர் டிரெய்லரைப் போலவே, ஸ்டியரிங்கைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் இழுவண்டி திரும்பும்.
4. படகின் பின்பகுதி மிதந்ததும் கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும்.
5. முனைக் கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்ட பின்னரே வின்ச் கட்டை அவிழ்க்க வேண்டும். சரிவில் வண்டிக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது.

சரிவுத்தளம் இல்லாத கரைகள்

இம்முறைக்குக் கான்கிரீட் சரிவு தேவை. ஏழெட்டு அடி நீளத்துக்கு ஓர் அடி இறங்கும் சரிவு ஏற்றது. நீர்த்தேக்கங்களில் நீர்மட்டம் இறங்கும்போது கரை சேறாகிவிடுவதால் வண்டிச் சக்கரங்கள் புதையும்.

இத்தகைய கரைக்குப் பொருந்துவது பரிசல். மூங்கில் பிளாச்சுகளால் பின்னப்பட்ட இதைக் கவிழ்த்துத் தலைமேல் சுமந்து, எந்தக் கரையிலும் இறக்கலாம். 105 அடி உயரம் கொண்ட பவானிசாகர் அணை நிரம்பும் காலங்களில், கோவை மாவட்டம் சிறுமுகையை அடுத்த லிங்காபுரம் - காந்தவயல் சாலையின் பாலம் மூழ்கியதுண்டு. அப்போது பள்ளி மாணவர் உள்ளிட்ட மலையடிவார மக்கள் பரிசலிலும் மோட்டார் படகிலும் கடந்துள்ளனர்.

வெள்ள மீட்பு

2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, கடல் மீனவர்கள் தங்கள் படகுகளுடன் மீட்புப் பணிக்கு வந்தனர். கேரளத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகள் ஈடுபட்டன. லாரிகளில் ஏற்றி வரப்பட்ட படகுகள், சரிவுத்தளம் ஏதுமின்றி, வெள்ளத்தில் மூழ்கிய சாலைகளிலேயே ஆட்களின் கைப்பலத்தால் இறக்கப்பட்டன.