அறுந்த விரல்நுனி மீண்டும் வளருமா?

பல்லியின் வால் அறுந்தாலும் வளரும். எனினும் புதிய வாலில் எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்பே இருக்கும். மெக்சிகோவில் நீரில் வாழும் ஆக்சலாட்டலோ எலும்பு, தசை, நரம்பு உள்ளிட்ட முழுக் காலையும் வளர்த்துக்கொள்கிறது. நம் கைகால்களில் அத்தகைய திறன் விரல்நுனியில் மட்டுமே, அதிலும் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. நுனி துண்டான குழந்தைகளின் விரல்கள், கட்டுப்போட்டுப் பராமரித்த அளவிலேயே மீண்டும் வளர்ந்ததை 1974இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகர மருத்துவர் சிந்தியா இல்லிங்வொர்த் பதிவுசெய்தார். நகத்தின் வேர்ப்பகுதி எஞ்சியிருந்தால்தான் இது நிகழும்.

ஆகவே, விரல் துண்டானால் தாமதிக்காதீர்கள். காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள்தூளோ காப்பித்தூளோ இட வேண்டாம். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மீது வைத்து உடனே கொண்டுவாருங்கள்; பனிக்கட்டி அதன்மீது நேரடியாகப் படலாகாது. ஒட்டவைப்பதா, வளரவிடுவதா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார்.