மலையேறும் தின்பண்டத்துக்கு எந்த உறை?

வெள்ளியங்கிரி, சதுரகிரி என்று சாமி கும்பிட மலையேறுகிறவர்கள் ஒரு பக்கம். கொடைக்கானல், ஏலகிரி, கொல்லிமலை என்று நடைபயணம் போகிறவர்கள் இன்னொரு பக்கம். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மட்டும் 40 பாதைகள் உள்ளன. இவர்களுக்கெல்லாம் கனமில்லாத, சமைக்காமல் சாப்பிடக்கூடிய, தெம்பு தரும் உணவு வேண்டும். கடலைமிட்டாய், எள்ளுருண்டை, கம்பு உருண்டை, அவல், சத்துமாவு, உலர் வாழைப்பழம் எல்லாமே நம் வயலிலும் தோட்டத்திலும் விளைகிற பொருட்களிலிருந்து வருபவைதான். அடிவார ஊர்களில் உள்ள மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இதில் நல்ல வருமானம் பார்க்கலாம்.

சிக்கல் உறையில்தான் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் தடை உள்ளது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்து, பிளாஸ்டிக் உறையில் இருக்கும் தின்பண்டத்தைக் காகிதத்துக்கு மாற்றிய பிறகே மேலே அனுப்புகிறார்கள். பளபளப்பான உறைக்குச் செலவழித்த பணம் அந்த இடத்திலேயே வீணாகிறது.

கண்காணிப்புக்குத் தப்பி மேலே போகும் உறைகளால் வரும் கேடு இன்னும் பெரியது. உப்பும் இனிப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையை மான், குரங்கு, யானை எல்லாம் மோப்பம் பிடித்துத் தின்றுவிடும். தெருவில் மேயும் மாட்டின் வயிற்றில் பாலித்தீன் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். காட்டு விலங்குக்கு வைத்தியம் பார்ப்பதும் எளிதல்ல.

உணவைக் கெடுப்பது எது?

உறையைத் தேர்ந்தெடுக்கும் முன், பண்டம் எதனால் கெடுகிறது என்று பார்க்க வேண்டும். பொரி, அவல் ஈரம் பட்டால் நமத்துப்போகும். கடலையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். காற்றும் வெளிச்சமும் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். கம்பு மாவு அரைத்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். உலர் வாழைப்பழம் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், பூஞ்சணமும் பிடிக்கும்.

இவற்றில் பாதியைத் தயாரிப்பிலேயே சரிசெய்யலாம். கம்பைக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்து, நன்றாகக் காயவைத்து, வறுத்து அரைத்தால் கசப்பு சீக்கிரம் வராது. மாவாக விற்பதைவிட வெல்லப்பாகில் உருண்டையாகப் பிடித்தால் காற்றுப்படும் பரப்பு குறையும். எந்தப் பண்டமாக இருந்தாலும் சூடு முழுவதும் ஆறிய பிறகே மூட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து, அந்த ஈரமே கெடுத்துவிடும்.

எத்தனை நாள் தாங்க வேண்டும்?

பெரிய நிறுவனங்களின் உறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பல அடுக்காக ஒட்டப்பட்டிருக்கும். தூரத்துக் கடைகளில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க அது தேவைப்படுகிறது. அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். பழைய பொருள் வாங்குகிறவரும் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடிவாரத்தில் விற்கும் பண்டத்தின் கணக்கு வேறு. காலையில் வாங்குகிறவர் அன்றோ மறுநாளோ சாப்பிட்டு முடித்துவிடுவார். அவர் கையில் போகும் உறை இரண்டு நாள் தாங்கினால் போதும். பல நாள் பாதுகாப்பு தேவைப்படுவது, குழுவின் கிடங்கில் இருக்கும் சரக்குக்குத்தான். ஆகவே இந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

கிடங்குக்கு: இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு அல்லது உணவுக்கேற்ற தகர டின். வாய்வரை நிரப்பினால் உள்ளே காற்று குறையும். காலியானதும் கழுவி, வெயிலில் காயவைத்துத் திரும்பவும் நிரப்பலாம்.

கைக்கு: காய்ந்த மந்தார இலை, சுத்தம் செய்த வாழைச் சருகு, பனை ஓலைக் கொட்டான், பூச்சில்லாத வெள்ளைக் காகிதம். வாழைநாரால் கட்டலாம், ஸ்டேப்ளர் பின் கூடாது. ஓலையும் சருகும் ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் மொறுமொறுவென்று காய்ந்ததையே பயன்படுத்த வேண்டும். தென்மாவட்டங்களில் கருப்பட்டியும் மிட்டாயும் ஓலைப்பெட்டியில் விற்பது பழைய வழக்கம்தான். ஓலை பின்னுகிறவர்களுக்கும் இதில் வேலை கிடைக்கும்.

அச்சடித்த செய்தித்தாளில் உணவைக் கட்டுவது கூடாது. மையில் உள்ள வேதிப்பொருள் உணவில் இறங்கும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்துள்ளது.

'மக்கும்' என்ற பெயரை நம்பலாமா?

மக்காச்சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ வகைப் பிளாஸ்டிக் மக்கக்கூடியதுதான். ஆனால் அதற்குச் சுமார் 60 டிகிரி வெப்பமும் ஈரமும் தொடர்ந்து இருக்க வேண்டும். சூடேறிய கம்போஸ்ட் குவியலில் அந்த வெப்பம் கிடைக்கும்; குளிர்ந்த மலைப்பாதையில் கிடைக்காது. அங்கே விழுந்தால் நெடுநாள் அப்படியே கிடக்கும். பழுப்புக் காகிதப் பைகளிலும் கவனம் வேண்டும். உள்பக்கம் வழவழவென்று இருந்தால் பிளாஸ்டிக் பூச்சு இருக்கலாம். ஓரத்தைக் கிழித்து ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்தால் காகிதம் கரைந்து, மெல்லிய பிளாஸ்டிக் ஏடு தனியாக வந்துவிடும்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

புதிய உறையில் விற்பனையைத் தொடங்கும் முன், ஒரே எடையில் பத்துப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் எடையையும் மின்னணுத் தராசில் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தை வீட்டு அலமாரியிலும் ஐந்தை மலையேறுகிறவர் பைபோல ஒரு துணிப்பையிலும் வைக்கலாம். தினமும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒன்றை எடுத்து எடைபோட்டு, பிரித்து, மோந்து, தின்று பார்க்க வேண்டும். எடை கூடியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். எத்தனையாவது நாளில் மொறுமொறுப்பு போகிறதோ, அதற்கு முந்தைய நாள்தான் அந்த உறையின் எல்லை. மழைக்காலத்தில் இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பொட்டலமாக விற்கும்போது பண்டத்தின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிவரை சாப்பிடலாம், தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை அவசியம். இலைப்பொட்டலமானால் சிறு காகிதச் சீட்டில் அச்சடித்து நாரில் கட்டிவிடலாம்.

டப்பா திரும்பி வந்தால் பணம்

இரண்டு, மூன்று நாள் நடப்பவர்களுக்கும், நசுங்கும் பண்டங்களுக்கும் இலை போதாது. அவர்களுக்குச் சிறிய எவர்சில்வர் டப்பாவில் நிரப்பி, டப்பாவின் விலையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, இறங்கி வரும்போது திருப்பித் தரலாம். முன்பணம் பலன் தரும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. அங்கே 2022 முதல் மதுப்புட்டிக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப்புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்துவிட்டன. ஏறுமிடமும் இறங்குமிடமும் ஒன்றாக இருக்கும் பாதைகளில் இது சுலபம். வேறு ஊரில் இறங்குவதானால் அந்த ஊர்க் குழுவோடு பேசி, டப்பாவை அங்கே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம்.

ஆரம்பத்திலேயே நூற்றுக்கணக்கில் டப்பா வாங்க வேண்டாம். இருபது டப்பாவோடு ஒரு மாதம் நடத்தி, எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.