கூட்டாகப் போட்ட காசு திரும்புமா?

வன்னியில் குடியேறிய நம் சொந்தங்கள் இருபத்தைந்து பேர் காசு சேர்த்து உழவு இயந்திரம் வாங்குகிறார்கள் என்று வைப்போம். அந்தக் கூட்டே சட்டப்படி செல்லாது என்றால் போட்ட காசு போச்சுதானா?

இலங்கையில் கூட்டு வியாபாரத்துக்கு இங்கிலாந்துச் சட்டமே அடிப்படை. அங்கே 1926இல், பதிவில்லாத கடன் சங்கம் பற்றிய கிரீன்பேர்க் வழக்கில், சங்கம் சட்டவிரோதமானாலும் பொறுப்பாளர் கையிலுள்ள சந்தாவை உறுப்பினர் திருப்பிக் கேட்கலாம் என்று தீர்ப்பானது. ஆனால் 1959இல் இந்திய உச்ச நீதிமன்றம், 20 பேருக்கு மேல் பதிவின்றிச் சேர்ந்த புடவை வியாபாரிகள் சிலர் 'கணக்குக் காட்டு' என்று போட்ட வழக்கை ஏற்கவில்லை.

ஆகவே இலாபக் கணக்கைப் பிடித்துத் தொங்காமல், போட்ட முதலைக் கேளுங்கள். அது கரையும் முன்பே கேளுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தொடக்கத்திலேயே கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்துவிட்டால் இந்தத் தொல்லை வராது என்பதே நாம் சொல்வது.