புதுமுக ஆட்டக்காரரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நியூயார்க் நகரில் ஒரு மேடை. பிலடெல்பியா ஈகல்ஸ் குழு தனது புதிய ஆட்டக்காரராக டோனவன் மெக்நாப் என்ற இளைஞரின் பெயரை அறிவித்தது. அவர் புன்னகையோடு மேடையேற, கூடியிருந்த பிலடெல்பியா இரசிகர்கள் கைதட்டவில்லை; கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். ஒரு பந்தைக்கூட அவர் அந்தக் குழுவுக்காக இன்னும் தொட்டிருக்கவில்லை!

அப்படி என்ன குற்றம் செய்தார் அவர்? அவர்கள் ஆசைப்பட்டது ரிக்கி வில்லியம்ஸ் என்ற வேறொருவரை. அவ்வளவுதான்.

இங்கே காற்பந்து என்றால் இங்கிலாந்துக் குழுக்களும் உலகக் கிண்ணமும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைப்பதோ முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற ஆட்டத்தை. அதன் தேசிய லீக்கில் 32 குழுக்கள் உண்டு. கல்லூரியில் ஆடித் தேர்ந்த இளைஞர்களை இக்குழுக்கள் ஆண்டுதோறும் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். 1936இல் தொடங்கிய ஏற்பாடு இது. கடந்த பருவத்தில் கடைசியாக வந்த குழு முதலில் அழைக்கும். வெற்றியாளர் குழு கடைசியில் அழைக்கும். இப்படி ஏழு சுற்று. இங்கிலாந்தைப் போலப் பணமுள்ள குழு விரும்பியவரை விலை பேசி வாங்கிவிட முடியாது. எந்த ஊருக்குப் போவது என்பதில் இளைஞருக்கும் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நலிந்தவனுக்கு முதல் பங்கு என்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சிக்கலும் அங்கேயே இருக்கிறது. மிகத் திறமையான இளைஞர் மிக மோசமான குழுவுக்குப் போய்ச் சேருகிறார். அவரைக் காக்க வேண்டிய தடுப்பு வரிசை பலவீனமாக இருக்கும். பயிற்றுநரின் வேலையே ஊசலாடிக் கொண்டிருக்கும். பல ஆண்டுகளாகத் தோல்வியைக் கண்டு சலித்த இரசிகர்களோ, இதோ வந்துவிட்டார் நம் மீட்பர் என்று காத்திருப்பார்கள்.

அதிலும் ‘குவாட்டர்பேக்’ எனப்படும் ஆட்டத்தை நடத்துபவருக்குத்தான் சோதனை அதிகம். பந்து கைக்கு வந்த சில விநாடிகளுக்குள், மேலே பாய்ந்து வரும் எதிரணியைச் சமாளித்து, யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். கல்லூரி ஆட்டத்தைக் காட்டிலும் தொழில்முறை ஆட்டத்தின் வேகம் பல மடங்கு. இதை 22 வயதுப் பையன் முதல் ஆண்டிலேயே கற்றுத் தேறிவிட வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள், கேட்கத்தான் செய்வார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள் மறு சாரார்.

1998இல் நடந்ததைப் பார்த்தால் இரு தரப்புமே தடுமாற வேண்டியிருக்கும். அவ்வாண்டு முதல் அழைப்பு பெய்ட்டன் மேனிங்கிற்கு. இரண்டாவது ரயன் லீஃபுக்கு. இருவரில் யார் சிறந்தவர் என்பதில் நாடே இரண்டு பட்டது. முதல் பருவத்தில் மேனிங் எறிந்த பந்து 28 முறை எதிரணியின் கைக்குப் போனது. புதுமுகம் ஒருவர் இவ்வளவு தவறியது அதுவரை இல்லை. இண்டியானாபோலிஸ் குழு 16 ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றது. மறு ஆண்டிலோ அதே குழு, அதே மேனிங்கோடு, 13 ஆட்டங்களில் வென்றது. லீஃபும் முதல் ஆண்டில் தடுமாறினார். ஆனால் அவர் எழவேயில்லை. 2001க்குப் பிறகு அவர் லீக்கில் ஆடவில்லை. வலிநிவாரணி மாத்திரைக்கு அடிமையாகிச் சிறை சென்று, பின்னர் மீண்டு, அப்பழக்கத்திலிருந்து மீள்வது பற்றிப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் பணியில் இறங்கினார். முதல் ஆண்டின் கணக்கை மட்டும் வைத்து இருவரில் யார் தேறுவார் என்று அன்று யாரால் சொல்லியிருக்க முடியும்?

பொறுத்திருந்து பயன் கண்டவர்களும் உண்டு. ஆரன் ராஜர்ஸ் 2005இல் 24ஆவதாக அழைக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் மூத்த ஆட்டக்காரருக்குப் பின்னால் ஓரத்தில் அமர்ந்து கற்றுக்கொண்டார். டாம் பிரேடி 2000இல் 199ஆவது ஆள்! முதல் பருவத்தில் அவர் எறிந்தது மூன்றே மூன்று பந்து. பின்னாளில் ஏழு முறை வெற்றியாளர் ஆனார். கடைசிச் சுற்றுகளில் வருபவரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பதே அவருக்குக் கிடைத்த ஓய்வு போலும்.

இந்தப் பொறுமை இப்போது குறைந்துவிட்டது. அதற்குப் பணமும் ஒரு காரணம். 2010இல் முதல் அழைப்பைப் பெற்ற சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம். ஆடுவதற்கு முன்பே 50 மில்லியன் டாலருக்கு உத்தரவாதம். 2011இல் புதுமுகங்களின் ஊதியத்துக்கு வரம்பு கட்டினார்கள். அவ்வாண்டின் முதல்வர் கேம் நியூட்டன் பெற்றது நான்கு ஆண்டுக்குச் சுமார் 22 மில்லியன். புதுமுகம் மலிவாகிவிட்டால் நெருக்கடி குறையும் என்று தோன்றும். நடந்தது வேறு. மலிவாகக் கிடைக்கும் அந்த நான்கு ஆண்டை ஓரத்தில் உட்கார வைத்து வீணாக்க எந்தக் குழுவுக்கும் மனம் வருவதில்லை.

2023இல் கரோலினா குழு ஒரு சிறந்த ஆட்டக்காரரையும் பல அழைப்பு வாய்ப்புகளையும் சிகாகோவிடம் கொடுத்து, முதல் அழைப்பை வாங்கி, பிரைஸ் யங்கைத் தேர்ந்தது. குழு இரண்டே ஆட்டங்களில் வென்றது. அதே ஆண்டு இரண்டாவதாக ஹூஸ்டன் அழைத்த சி.ஜே.ஸ்ட்ரவுட் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருதையே வென்றுவிட்டார். கரோலினா இரசிகர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! 2024இல் இரண்டு ஆட்டங்களுக்குப் பின் யங்கை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். சில வாரங்களில் திரும்ப அழைத்தார்கள்.

கரோலினா தோற்றுக் கடைசியாக வந்ததால், கைமாறிய வாய்ப்பின் வழியே 2024இன் முதல் அழைப்பு சிகாகோவுக்குப் போனது. அவர்கள் எடுத்த கேலப் வில்லியம்ஸ், பந்தை எறியுமுன்பே அந்தப் பருவத்தில் 68 முறை தரையில் சாய்க்கப்பட்டார். பருவம் முடிவதற்குள் பயிற்றுநரையும் மாற்றிவிட்டார்கள்.

மெக்நாப் என்ன ஆனார் என்று கேட்கலாம். பிலடெல்பியாவில் 11 பருவங்கள் ஆடினார். 2005 பிப்ரவரியில் அக்குழுவை இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார். இரசிகர்கள் ஆசைப்பட்ட ரிக்கி வில்லியம்ஸை, ஈராண்டுகளின் எட்டு அழைப்பு வாய்ப்புகளை விட்டுக்கொடுத்து நியூ ஆர்லியன்ஸ் குழு எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்குழு வென்றது மூன்றே ஆட்டங்கள்.