இந்தோடெல்ஃபிஸ்

இந்தோடெல்ஃபிஸ் என்பது ஏறத்தாழ 5.4 கோடி ஆண்டுகளுக்கு முன், இயோசீன் காலத்தின் தொடக்கத்தில், இன்றைய குஜராத் பகுதியில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு சிறிய பைப்பாலூட்டி ஆகும். முழு வளர்ச்சி அடையாத குட்டியை ஈன்று, பாலூட்டி வளர்க்கும் கங்காரு, கோலா, ஒப்போசம் போன்றவை பைப்பாலூட்டிகள். இன்று இவை ஆஸ்திரேலியாவிலும் அதை அடுத்த தீவுகளிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. முன்பு இங்கும் இருந்தன என்பதற்கு இந்தோடெல்ஃபிஸின் பற்களே சான்று.

கண்டுபிடிப்பு

சூரத் மாவட்டத்தில் உள்ள வஸ்தானில், நம் நெய்வேலியைப் போலவே திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வெட்டப்பட்டது. நிலக்கரி அடுக்குகளுக்கு இடைப்பட்ட மண்ணை நீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, மிஞ்சுவதை நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். அவ்வாறு சேகரித்தவற்றைக் கொண்டு, சுனில் பாஜ்பாய், தெவிசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005இல் இந்தோடெல்ஃபிஸ், ஜேகேரியா என்னும் இரு பேரினங்களை அறிவித்தனர். இந்தியாவின் முதல் பைப்பாலூட்டிப் புதைபடிவங்கள் இவை என்றனர்.

பல்லைக் கொண்டு அறிவது எப்படி?

வயிற்றுப்பை மண்ணில் படிவமாவதில்லை. உடலிலேயே மிகக் கடினமான பல்லின் எனாமல்தான் நிலைத்து நிற்கிறது. பைப்பாலூட்டிகளின் தாடையில் ஒரு பக்கத்துக்குப் பொதுவாக 4 கடைவாய்ப்பற்கள் இருக்கும். நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளுக்கு 3. ஆனால் உதிர்ந்த ஒற்றைப் பல்லை வைத்து எண்ணிக்கை பார்க்க முடியாது. எனவே அதன் மேடு பள்ளங்களைப் பார்க்கிறார்கள். பைப்பாலூட்டியின் கீழ்க் கடைவாய்ப்பல்லில், பின்புற உள்மூலையில் இரு கூம்புகள் இரட்டையர் போல நெருங்கி நிற்கும்.

ஒரு திருத்தம்

இந்த அடையாளமும் ஏமாற்றக்கூடும். தொன்மையான வௌவால்களின் பல்லிலும் அக்கூம்புகள் நெருங்கியே இருந்தன. 2007இல் தியெரி ஸ்மித் குழுவினர் வஸ்தானில் 7 வௌவால் இனங்களைப் பட்டியலிட்டபோது, ஜேகேரியாவையும் அவற்றுள் சேர்த்தனர். இந்தோடெல்ஃபிஸ் மட்டும் பைப்பாலூட்டியாகவே நீடித்தது.

முக்கியத்துவம்

கோண்டுவானாவிலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்த இந்தியா, ஆசியாவோடு மோதத் தொடங்கிய காலத்தை ஒட்டியவை இப்படிவங்கள். இந்தோடெல்ஃபிஸின் நெருங்கிய உறவினங்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிடைத்துள்ளன. ஆகவே, இதன் முன்னோர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கும் என்று நினைப்பதைவிட, வட கண்டங்களிலிருந்து வந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம்.